அனலாக் கேமராவா, ஐபி கேமராவா? வீட்டுக்கும் சிறு தொழிலுக்கும் தேர்ந்தெடுக்கும் முறை

கண்காணிப்புக் கேமரா வாங்கப் போகிறவர்கள் முதலில் கேட்பது "எத்தனை மெகாபிக்சல்?" என்றுதான். அந்தக் கேள்வி நான்காவதாக வர வேண்டியது. அதற்கு முன் மூன்று கேள்விகள் இருக்கின்றன. சுவருக்குள் ஏற்கனவே என்ன கேபிள் ஓடுகிறது? புதிய கேபிளை எந்த வழியாக இழுக்க முடியும்? கடைசிக் கேமரா பதிவுக் கருவியிலிருந்து எத்தனை மீட்டர் தள்ளி இருக்கிறது? இவற்றுக்குப் பதில் கிடைத்துவிட்டால் அனலாக்கா, ஐபியா என்பது பெரும்பாலும் தானாகவே முடிவாகிவிடும்.

இரண்டுக்கும் என்ன வேறுபாடு

அனலாக் கேமரா தான் பார்க்கும் காட்சியை மின் சிக்னலாகக் கோஆக்சியல் கேபிள் வழியே அனுப்பும். மறுமுனையில் உள்ள டிவிஆர் என்ற பதிவுக் கருவி அதை டிஜிட்டலாக மாற்றிச் சுருக்கி ஹார்ட் டிஸ்க்கில் எழுதும். கேமராவுக்கு 12 வோல்ட் மின்சாரம் தனிக் கம்பியில் போக வேண்டும். மங்கலான பழைய அனலாக் படத்தை மனதில் வைத்து இதை ஒதுக்கிவிட வேண்டாம். இன்று விற்கும் எச்டி-டிவிஐ, எச்டி-சிவிஐ, ஏஎச்டி வகைகள் அதே கேபிளில் 2 மெகாபிக்சல், 5 மெகாபிக்சல், சில மாடல்களில் 8 மெகாபிக்சல் வரை தெளிவான படம் தருகின்றன.

ஐபி கேமராவுக்குள் ஒரு சிறு கணினி இருக்கிறது. படத்தை அங்கேயே சுருக்கி, நெட்வொர்க் கேபிள் வழியே தரவாக அனுப்பிவிடும். என்விஆர் என்ற பதிவுக் கருவி அதை வாங்கிச் சேமிக்கும். பல நெட்வொர்க் கேபிள்களை ஒன்றாக இணைக்கும் பெட்டிக்கு சுவிட்ச் என்று பெயர். அது நெட்வொர்க் கேபிளிலேயே மின்சாரமும் தரும் பிஓஇ வகையாக இருந்தால் மின்சாரமும் அதே கேபிளில் போய்விடும்.

இந்த அமைப்பிலிருந்து நடைமுறையில் பெரிய வேறுபாடு ஒன்று பிறக்கிறது. அனலாக்கில் ஒவ்வொரு கேமராவிலிருந்தும் டிவிஆர் வரை தனிக் கேபிள் வந்தாக வேண்டும். ஒரு கேபிளை இரண்டாகப் பிரித்து இரு கேமராக்களை மாட்ட முடியாது. ஐபியில் பின்கட்டில் ஒரு சுவிட்ச் வைத்து, அங்கிருந்து என்விஆருக்கு ஒரே ஒரு கேபிள் இழுத்தால், அந்தப் பக்கத்து ஆறேழு கேமராக்களும் அதில் வந்துவிடும். முன்கடை, கிடங்கு, வாகன நிறுத்தம் என்று இடம் பரந்திருந்தால் கேபிள் செலவையும் வேலையையும் தீர்மானிப்பது இதுதான்.

முதல் படி: தாளில் வரையுங்கள்

ஒரு தாளில் தரைத்தளத்தை வரைந்து, டேப் பிடித்து அளந்து, கீழ்க்கண்டவற்றைக் குறியுங்கள்.

பதிவுக் கருவி இருக்கப்போகும் இடம். பூட்டக்கூடிய அலமாரியாக, காற்றோட்டத்தோடு இருக்க வேண்டும். கல்லாவுக்குக் கீழே, கண்ணில் படும்படி வைத்தால் திருடன் கேமராவை விட்டுவிட்டுக் கருவியைத் தூக்கிக்கொண்டு போவான். பதிவும் அவனோடு போய்விடும்.

ஒவ்வொரு கேமராவுக்கும் கேபிள் போகும் உண்மையான வழி. நேர்க்கோட்டுத் தூரம் உதவாது. சுவரில் ஏறி, கூரையோரம் வளைந்து, மறுபடி இறங்கும் தூரத்தை அளந்து, இரு முனையிலும் 2 மீட்டர் கூடுதலாகச் சேருங்கள்.

ஒவ்வொரு கேமராவும் எதற்கு என்று ஒரு வரி. "வாசலில் நுழைபவர் முகம்", "கல்லாவில் கைமாறும் பணம்", "பின்முற்றத்தில் ஆள் நடமாட்டம்" என்பதுபோல. "எல்லாம் தெரியணும்" என்று எழுதினால் அந்தக் கேமராவில் எதுவுமே உருப்படியாகத் தெரியாது.

இரண்டாம் படி: லென்ஸைக் கணக்கிடுங்கள்

மெகாபிக்சலைவிட லென்ஸ்தான் முகத்தைக் காட்டுகிறது. ஐஇசி 62676-4 என்ற சர்வதேசத் தரநிலையின்படி, முன்பின் தெரியாத ஒருவரை அடையாளம் காண, காட்சியின் அகலத்தில் மீட்டருக்கு 250 பிக்சல் வேண்டும். ஏற்கனவே தெரிந்தவரை "இவர்தான்" என்று சொல்ல 125 போதும். ஆள் இருக்கிறார் என்று மட்டும் தெரிய 25 போதும்.

2 மெகாபிக்சல் கேமராவின் படம் 1920 பிக்சல் அகலம். 1920-ஐ 250-ஆல் வகுத்தால் 7.7 மீட்டர். அதாவது காட்சி 7.7 மீட்டர் அகலத்துக்குள் இருக்கும் இடத்தில்தான் புதியவர் முகம் அடையாளம் தெரியும். பரவலாக விற்கும் 2.8 மி.மீ. லென்ஸ் ஏறக்குறைய 105 டிகிரி விரிந்து பார்க்கும். அதில் 3 மீட்டர் தூரத்திலேயே காட்சி 7.7 மீட்டர் அகலம் ஆகிவிடுகிறது. எனவே முகம் தெரியும் எல்லை 3 மீட்டர்தான். அதே 2 மெகாபிக்சலில் 6 மி.மீ. லென்ஸ் போட்டால் அந்த எல்லை ஏறக்குறைய 8 மீட்டராகும், 12 மி.மீ. என்றால் 16 மீட்டர். இப்போது 2.8 மி.மீ. லென்ஸையே வைத்துக்கொண்டு 4 மெகாபிக்சலுக்குப் போய்ப் பாருங்கள்: 3 மீட்டர் 4 மீட்டராகிறது, அவ்வளவே.

இவை நல்ல வெளிச்சத்தில், ஆள் கேமராவைப் பார்த்து வரும்போது உள்ள கணக்குகள். இரவில் குறையும். வாயிலுக்கு 4 அல்லது 6 மி.மீ., அறை முழுவதும் பார்க்க 2.8 மி.மீ., நீளமான சந்துக்கோ வாயிற்கதவுக்கு வெளியே வாகன எண்ணைப் பார்க்கவோ 12 மி.மீ. என்று தொடங்கலாம். முடிவெடுக்க முடியாத இடத்தில் 2.8 முதல் 12 மி.மீ. வரை மாற்றிக்கொள்ளும் வேரிஃபோக்கல் லென்ஸ் உள்ள கேமராவை வாங்குங்கள். ஒரே ஒரு கேமராவுக்குத்தான் அதிகம் செலவிட முடியும் என்றால் அதை வாயிலுக்குச் செலவிடுங்கள்.

உயரத்தையும் இங்கேயே முடிவு செய்யுங்கள். முகம் வேண்டிய கேமரா 2.2 முதல் 2.5 மீட்டர் உயரத்தில் இருக்க வேண்டும். கைக்கு எட்டக்கூடாது என்று 4 மீட்டரில் மாட்டினால் தொப்பியும் உச்சந்தலையும்தான் பதிவாகும். உடைத்துவிடுவார்கள் என்ற அச்சம் இருந்தால் தாழ்வாகவே மாட்டி, ஐகே10 என்ற அடி தாங்கும் தரம் உள்ள டோம் கேமராவைத் தேர்ந்தெடுங்கள்.

மூன்றாம் படி: கேபிளைப் பார்த்து முடிவெடுங்கள்

சுவருக்குள் பழைய கோஆக்சியல் கேபிள் நல்ல நிலையில் இருக்கிறதா? அப்படியானால் எச்டி அனலாக் போதும். சுவரை உடைக்காமல், கேமராக்களையும் டிவிஆரையும் மட்டும் மாற்றி அரை நாளில் முடித்துவிடலாம். டிஷ் இணைப்புக்குப் போட்ட ஆர்ஜி6 கேபிளும் கேமராவுக்கான ஆர்ஜி59 போலவே 75 ஓம் கேபிள்தான். முனையை மட்டும் கேமரா கேபிளுக்கான பிஎன்சி இணைப்பு முனையாக மாற்றினால் பயன்படும். ஆனால் முதலில் சோதியுங்கள். இரு முனைகளையும் கழற்றிவிட்டு, மல்டிமீட்டரில் நடுக்கம்பிக்கும் வெளிப்பின்னலுக்கும் இடையே ஓம் பாருங்கள்: இணைப்பே இல்லை என்று காட்ட வேண்டும். பிறகு ஒரு முனையில் இரண்டையும் சேர்த்துவிட்டு மறுமுனையில் பாருங்கள்: சில ஓம் மட்டுமே காட்ட வேண்டும். இடையில் தண்ணீர் புகுந்த கேபிளின் வெளிப்பின்னல் கறுத்துப் போயிருக்கும். முனையில் 10 செ.மீ. வெட்டிப் பார்த்தும் கறுப்பாகவே இருந்தால் அந்தக் கேபிளைக் கைவிடுங்கள்.

புதிய கட்டடமா, எப்படியும் புதிதாகத்தான் கேபிள் இழுக்கப் போகிறீர்களா? கேட்6 என்ற நெட்வொர்க் கேபிளை இழுங்கள். இன்றைக்குக் கைக்காசுக்கு அனலாக்தான் கட்டுப்படியாகும் என்றாலும் கேட்6 கேபிளையே இழுங்கள். பலூன் எனப்படும் சிறு இணைப்பானை இரு முனையிலும் போட்டால் அனலாக் வீடியோ அதன் ஒரு ஜோடிக் கம்பியில் போகும். நாளைக்கு ஐபிக்கு மாறும்போது பலூனைக் கழற்றி ஆர்ஜே45 என்ற நெட்வொர்க் முனையைப் போட்டால் போதும். புதுச் சுவருக்குள் கோஆக்சியலை மட்டும் பதித்துவிடுவதற்கு இன்று எந்த நியாயமும் இல்லை.

தூரம்? நல்ல ஆர்ஜி59 செப்புக் கேபிளில் 1080பி (அதாவது 2 மெகாபிக்சல்) அனலாக் படம் 250, 300 மீட்டர் வரை போகும். நெட்வொர்க் கேபிளின் எல்லை 100 மீட்டர். தாண்ட வேண்டுமானால் நடுவில் சுவிட்ச் அல்லது பிஓஇ நீட்டிப்பான் வேண்டும். நீளமான தோட்டத்தின் கோடியில் ஒற்றைக் கேமரா என்றால் அனலாக் எளிது. அந்தக் கோடியிலேயே ஐந்து கேமரா என்றால் ஐபியும் ஒரு ஃபைபர் இணைப்பும்தான் சரி. தனித்தனி எர்த் உள்ள இரு கட்டடங்களுக்கு இடையே செப்புக் கேபிள் எதுவானாலும் இடி மின்னலுக்கு வழி விட்டதாகவே அர்த்தம். அங்கே ஃபைபரைத் தவிர வேறு எதையும் நாங்கள் பரிந்துரைப்பதில்லை.

கேமரா எண்ணிக்கை நான்கைத் தாண்டாது, இடம் சிறியது, பட்ஜெட் இறுக்கம் என்றால் அனலாக். எட்டுக்கு மேல் வளரும், ஒலியும் வேண்டும், ஆள், வாகனம் என்று பிரித்து எச்சரிக்கை வேண்டும் என்றால் ஐபி. இரண்டுக்கும் நடுவில் இருப்பவர்களுக்கு எக்ஸ்விஆர் என்று விற்கும் கலப்புக் கருவி இருக்கிறது: பழைய அனலாக் கேமராக்களோடு இரண்டு முதல் நான்கு ஐபி கேமராக்களையும் அதில் சேர்த்துக்கொள்ளலாம்.

வாடகை வீட்டில் ஒன்றிரண்டு அறைக்கு மட்டும் என்றால் மெமரி கார்டு போடும் வைஃபை கேமராவே போதும். அதற்கும் மின் கம்பி வேண்டும் என்பதை மறக்க வேண்டாம். கடைக்கு அதை நம்ப வேண்டாம்: நெரிசலான அலைவரிசையில், தேவைப்படும் நிமிடத்தில் இணைப்பு அறுந்துவிடும்.

அனலாக் என்று முடிவானால்

நான்கு கேமராவுக்கு வேண்டியவை: 4 அல்லது 8 சேனல் டிவிஆர், கேமராக்களுக்கு மின்சாரம் தரும் 12 வோல்ட் 5 ஆம்பியர் எஸ்எம்பிஎஸ் (8 கேமராவுக்கு 10 ஆம்பியர்), கேமராவுக்கு 2 பிஎன்சி, 1 டிசி பின், 1 நீர்புகாப் பெட்டி, கண்காணிப்புப் பதிவுக்கென்று தயாரித்த ஹார்ட் டிஸ்க். நான்கே கேமரா என்றாலும் 8 சேனல் டிவிஆர் வாங்குவது நல்லது. ஐந்தாவது கேமரா எப்படியும் வரும்.

டிவிஆர் வாங்கும்போது விவரத்தாளில் பதிவுத் தரத்தைத் தேடிப் படியுங்கள். "1080பி லைட்" அல்லது "1080என்" என்று இருந்தால், கேமரா முழு 1920 பிக்சல் அகலத்தில் அனுப்பினாலும் கருவி அதில் பாதி அகலத்தையே பதியும். நேரலையில் பளிச்சென்று தெரிந்த முகம் பதிவில் குழைந்து போவதற்கு இதுவே முக்கியமான காரணம். 5 மெகாபிக்சல் கேமரா போட்டால் விநாடிக்கு எத்தனை படம் பதிகிறது என்றும் பாருங்கள். பல கருவிகளில் அது 12 அல்லது 15-க்கு இறங்கிவிடும். நடந்து போகும் ஆளுக்கு அது போதும்.

கேமராவும் டிவிஆரும் பேசும் வகை பொருந்த வேண்டும். பல கேமராக்களில் டிவிஐ, சிவிஐ, ஏஎச்டி என்று மாற்றும் சிறு பொத்தான் வாலிலேயே இருக்கும். திரையில் "வீடியோ இல்லை" என்று வந்தால் கேபிளைச் சந்தேகிப்பதற்கு முன் அந்தப் பொத்தானை ஐந்து விநாடி அழுத்திப் பிடித்துப் பாருங்கள். டிவிஆர் 2 மெகாபிக்சல் வரைதான் ஏற்கும் என்றால் 5 மெகாபிக்சல் கேமராவும் இதே செய்தியைத்தான் காட்டும்.

இனி, அனலாக்கில் அடிக்கடி வரும் ஒரு கோளாறு: பகலில் ஒழுங்காக ஓடும் கேமரா, இருட்டியதும் அணைந்து அணைந்து எரிகிறது. கேமரா கெட்டுவிட்டது என்று மாற்றுவார்கள்; புதியதும் அதையே செய்யும். காரணம் மின் கம்பியில் இருக்கிறது. வீடியோவும் மின் கம்பியும் ஒரே உறையில் வரும் "3+1" கேபிளில் மின் கம்பி மிகவும் மெல்லியது. 0.2 சதுர மி.மீ. செப்புக் கம்பி என்று வைத்துக்கொண்டால், 40 மீட்டர் தூரத்துக்குப் போக வர 80 மீட்டர் கம்பி, மின்தடை ஏறக்குறைய 7 ஓம். பகலில் கேமரா 0.2 ஆம்பியர் எடுக்கும்போது 1.4 வோல்ட் வழியிலேயே போகிறது, மிச்சம் 10.6 வோல்ட், கேமரா ஓடுகிறது. இருட்டியதும் அகச்சிவப்பு விளக்குகள் எரிய, 0.5 ஆம்பியர் ஆகிறது. இப்போது 3.5 வோல்ட் வழியில் போய், கேமராவுக்கு 8.5 மட்டுமே வருகிறது. கேமரா அணைகிறது, அணைந்ததும் சுமை இறங்கி வோல்டேஜ் ஏறுகிறது, மீண்டும் எழுகிறது, விளக்கு எரிகிறது, மறுபடி அணைகிறது. விடியும் வரை இதே கதை.

சரிபார்க்க, கேமராவின் முனையில், இரவில், விளக்கு எரியும்போது வோல்டேஜை அளக்க வேண்டும். எஸ்எம்பிஎஸ் முனையில் அளந்தால் எப்போதும் 12 தான் காட்டும். தீர்வு: 25, 30 மீட்டருக்கு மேல் போகும் கேமராவுக்கு 0.75 சதுர மி.மீ. செப்புக் கம்பியைத் தனியாக இழுங்கள், அல்லது கேமராவுக்குப் பக்கத்திலேயே 12 வோல்ட் அடாப்டர் வையுங்கள். செப்பு பூசிய அலுமினியக் கம்பி என்றால் இந்த இழப்பு இன்னும் ஒன்றரை மடங்கு. கம்பியைக் கத்தியால் சுரண்டுங்கள். உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் வாங்க வேண்டாம்.

படத்தில் கிடைமட்டப் பட்டைகள் மெல்ல மேலேறினால் அது எர்த் வழிச் சுற்று: கேமரா இரும்புத் தூணிலும் டிவிஆர் வேறு எர்த்திலும் இருக்கின்றன. தூணுக்கும் கேமராவுக்கும் இடையே பிளாஸ்டிக் பெட்டி வையுங்கள், அல்லது கேபிளில் வீடியோ ஐசொலேட்டர் போடுங்கள். படம் விட்டு விட்டு வந்தால் பிஎன்சியைக் கழற்றிப் பாருங்கள். வெளிப்பின்னலின் ஒரு மெல்லிய இழை நடுக்கம்பியைத் தொட்டுக்கொண்டிருக்கும். திருகிப் போடும் பிஎன்சியில் இது வாடிக்கை. கிரிம்ப் செய்யும் வகையையே போடுங்கள்.

ஐபி என்று முடிவானால்

வேண்டியவை: என்விஆர், பிஓஇ சுவிட்ச் (அல்லது பிஓஇ போர்ட் உள்ள என்விஆர்), வெளிப்புறத்துக்கு வெயில் தாங்கும் கறுப்பு உறை கொண்ட கேட்6 முழுச் செப்புக் கேபிள், ஆர்ஜே45 முனைகள், ஹார்ட் டிஸ்க்.

சுவிட்ச்சில் போர்ட் எண்ணிக்கையை மட்டும் பார்த்து வாங்காதீர்கள். மொத்தம் எத்தனை வாட் தரும் என்று பாருங்கள். 802.3ஏஎஃப் தரத்தில் ஒரு போர்ட் 15.4 வாட் வரை தரும், கேமராவுக்கு 12.95 வாட் சேரும். ஆனால் 8 போர்ட்டும் ஒரே நேரத்தில் அவ்வளவு தரும் என்று அர்த்தமில்லை. மொத்தத் திறன் 60 வாட் உள்ள சுவிட்ச்சில் 7 வாட் கேமரா எட்டு மாட்டினால் 56 வாட். கணக்கில் சரி, ஆனால் இரவில் விளக்குகள் எரியும்போது ஒன்றிரண்டு கேமரா காணாமல் போகும். கூட்டுத்தொகைக்கு மேல் 30 சதவீதம் இடம் விடுங்கள். சுழலும் கேமராக்களுக்கு 802.3ஏடி, அதாவது 30 வாட் போர்ட் தேவைப்படலாம். தரநிலைப் பெயரே போடாமல் "பிஓஇ" என்று மட்டும் எழுதி, எந்தக் கருவி என்று கேட்காமலே மின்சாரத்தை அனுப்பும் மலிவான சுவிட்ச்களைத் தவிருங்கள். பொருந்தாத கருவியை மாட்டினால் அது கருகலாம்.

முனை போடும் வரிசை, கிளிப் பின்பக்கம் இருக்க இடமிருந்து வலமாக: வெள்ளை-ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை-பச்சை, நீலம், வெள்ளை-நீலம், பச்சை, வெள்ளை-பழுப்பு, பழுப்பு. இரு முனையிலும் இதே வரிசை. "இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருந்தால் போதாதா, எந்த வரிசையானால் என்ன?" என்று சிலர் ஜோடி ஜோடியாக அடுக்கிப் போடுகிறார்கள். விளக்கு எரிந்து காட்டும் டெஸ்டரில் எட்டும் சரியாகவே வரும். ஆனால் கேபிளுக்குள் ஒன்றோடொன்று முறுக்கிய ஜோடியில்தான் சிக்னல் போக வேண்டும். பச்சை ஜோடி நீலத்தைத் தாண்டி 3, 6 ஆகிய இடங்களில் உட்காருவது அதற்காகத்தான். வரிசை மாறினால் சிக்னலின் இரு பாதிகள் வேறு வேறு ஜோடிகளில் போய், பக்கத்துக் கம்பியின் இரைச்சலை வாங்கிக்கொள்ளும். 5 மீட்டரில் ஓடும். 40 மீட்டரில் படம் உறைந்து உறைந்து வரும். முனைக்கு அருகே 1.3 செ.மீ.-க்கு மேல் முறுக்கைப் பிரிக்கவும் வேண்டாம். மின் கம்பிக்கு இணையாக ஓட்டும்போது 30 செ.மீ. தள்ளி ஓட்டுங்கள், கடக்க வேண்டிய இடத்தில் குறுக்காக, செங்குத்தாகக் கடக்கட்டும்.

கேமராவும் என்விஆரும் வேறு வேறு நிறுவனம் என்றால், வெவ்வேறு நிறுவனக் கருவிகள் ஒன்றோடொன்று பேச உதவும் பொதுத் தரமான ஆன்விஃப் ஆதரவு இரண்டிலும் இருக்க வேண்டும். எச்.265 என்ற சுருக்கும் முறையில் பதிய, ஆன்விஃப் டி வகை (Profile T) என்று குறித்திருக்கிறதா பாருங்கள். ஆன்விஃப் வழியே படம் வரும். ஆள், வாகனம் பிரித்தறியும் எச்சரிக்கைகள் முழுமையாக வரும் என்று எதிர்பார்க்க முடியாது. அவை முக்கியம் என்றால் இரண்டையும் ஒரே நிறுவனத்தில் வாங்குவதே நிம்மதி.

ஹார்ட் டிஸ்க் எவ்வளவு

மனதில் வைக்க ஒரே ஓர் எண்: விநாடிக்கு 1 மெகாபிட் என்றால் ஒரு நாளைக்கு 10.8 ஜிபி. எச்.265-இல் 2 மெகாபிக்சல் கேமராவுக்கு 2 மெகாபிட், 4 மெகாபிக்சலுக்கு 4 மெகாபிட் என்று எடுத்துக்கொள்ளலாம். எச்.264 என்றால் இரட்டிப்பு. நான்கு 2 மெகாபிக்சல் கேமராக்கள் இடைவிடாமல் பதிந்தால் நாளொன்றுக்கு 86 ஜிபி. 2 டிபி டிஸ்க் ஏறக்குறைய மூன்று வாரம் தாங்கும், 30 நாள் வேண்டுமானால் 4 டிபி. அசைவு இருந்தால் மட்டும் பதியும்படி வைத்தால் இடம் மிச்சமாகும்; ஆனால் வாயிலுக்கும் கல்லாவுக்கும் இடைவிடாத பதிவையே வைத்துக்கொள்ளுங்கள். அசைவைக் கருவி உணர்வதற்குள் நடந்து முடிந்த ஒன்றரை விநாடிதான் சில நேரம் தேவைப்படும். கணினியிலிருந்து கழற்றிய பழைய டிஸ்க்கைப் போட வேண்டாம். நாள் முழுதும் எழுதிக்கொண்டே இருக்க அது செய்யப்படவில்லை.

இரவும் எதிர்வெளிச்சமும்

கடை வாயிலை உள்ளிருந்து பார்க்கும் கேமராவில், வருபவர் முகம் கறுத்துப் போய், பின்னால் தெரு மட்டும் வெளுத்துத் தெரியும். இதற்கு 120 டெசிபல் அளவுள்ள உண்மையான டபிள்யூடிஆர் (வெளிச்சப் பகுதியையும் இருட்டுப் பகுதியையும் ஒரே படத்தில் தெளிவாகக் காட்டும் வசதி) வேண்டும். டிடபிள்யூடிஆர் என்று எழுதியிருந்தால் அது மென்பொருளால் வெளிச்சத்தைத் தூக்கிக் காட்டுவது மட்டுமே; இந்த இடத்துக்குப் போதாது.

இரவில் படம் முழுவதும் பால் போல வெளுத்திருந்தால், அகச்சிவப்பு ஒளி பக்கத்தில் ஏதோ ஒன்றில் பட்டுத் திரும்புகிறது: சன்ஷேட், சுவர் விளிம்பு, சிலந்திவலை, டோம் கண்ணாடியின் தூசி. ஜன்னல் கண்ணாடிக்கு உள்ளே கேமராவை வைத்து வெளியே பார்க்க முடியாததற்கும் இதுவே காரணம். பெட்டியில் "30 மீட்டர் இரவுக் காட்சி" என்று போட்டிருப்பது, 30 மீட்டரில் ஏதோ அசைகிறது என்று தெரியும் தூரம். முகம் தெரியும் தூரமல்ல. வாயிலில் ஒரு எல்இடி விளக்கு இரவு முழுதும் எரிவது, விலை கூடிய கேமராவைவிட அதிகம் உதவும். அந்த விளக்கு வெளிச்சத்தில் படம் சிமிட்டினால், ஷட்டரை உங்கள் மின்சாரத்தின் அலைவெண்ணுக்கு ஏற்ப மாற்றுங்கள்: 50 ஹெர்ட்ஸ் என்றால் 1/50, 60 என்றால் 1/60.

சுவரில் ஏற்றுவதற்கு முன் மேசையில் ஓட்டுங்கள்

1. எல்லாக் கேமராக்களையும் குட்டைக் கேபிளில் மேசைமேல் மாட்டி, ஹார்ட் டிஸ்க்கைப் போட்டு ஃபார்மட் செய்யுங்கள்.

2. ஐபி கேமராக்களை ஒவ்வொன்றாக இயக்குங்கள். ஒரே மாடல் நான்கும் 192.168.1.64 போன்ற ஒரே தொழிற்சாலை முகவரியோடு வரக்கூடும்; ஒன்றாக இயக்கினால் ஒன்றையொன்று மறைத்துக்கொள்ளும். முகவரியை மாற்றிவிட்டு, அதையே கேமராவின் அடியில் ஒட்டுங்கள்.

3. கருவியின் தேதி, நேரம், நேர மண்டலம் ஆகியவற்றைச் சரிசெய்து, இணையம் இருந்தால், நேரத்தை அங்கிருந்து தானாகச் சரிசெய்துகொள்ளும் என்டிபியை இயக்குங்கள். நேரம் 40 நிமிடம் தவறிய பதிவு, விசாரணையில் உங்களுக்கு எதிராகவே திரும்பலாம்.

4. அறையை இருட்டாக்கி எல்லா விளக்குகளும் ஒருசேர எரியும்போது எதுவும் அணைகிறதா என்று பாருங்கள்.

5. ஓர் இரவு ஓடவிட்டு, மறுநாள் ஐந்து நிமிடப் பதிவைப் பென் டிரைவில் எடுத்து, வேறொரு கணினியில் ஓட்டிப் பாருங்கள்.

பிறகு ஏற்றுங்கள். வெளியே இருக்கும் எந்த இணைப்பும் டேப் சுற்றியபடி தொங்கக்கூடாது. பெட்டிக்குள் போக வேண்டும். பெட்டிக்குள் நுழையும் முன் கேபிள் சற்றுக் கீழே தொங்கி மேலேறட்டும், மழைநீர் அந்த வளைவில் சொட்டிவிடும். மின்வெட்டு உள்ள இடத்தில் கருவி, எஸ்எம்பிஎஸ் அல்லது சுவிட்ச், ரூட்டர் அனைத்தும் ஒரே யுபிஎஸ்ஸில் இருக்க வேண்டும். டிவிஆருக்கு மட்டும் யுபிஎஸ் கொடுத்து எஸ்எம்பிஎஸ்ஸை வெளியே விட்டால், மின்சாரம் போனதும் கருவி கறுப்புத் திரையைப் பதிந்துகொண்டிருக்கும்.

இணையத்தில் இணைக்கும்போது

கைப்பேசியில் பார்க்க வேண்டும் என்பதற்காக ரூட்டரில் போர்ட் (வெளியிலிருந்து கருவிக்குள் நேரே வரும் வழி) திறந்துவிடாதீர்கள். 2016-இல் மிராய் என்ற தீநிரல், தொழிற்சாலைக் கடவுச்சொல்லோடு இணையத்தில் திறந்து கிடந்த கேமராக்களையும் டிவிஆர்களையும் ரூட்டர்களையும் லட்சக்கணக்கில் பிடித்து, அவற்றைக் கொண்டே பெரிய இணையதளங்களை முடக்கியது. கருவி வந்ததும் கடவுச்சொல்லை மாற்றுங்கள், கருவியின் உள்மென்பொருளான ஃபர்ம்வேரைப் புதுப்பியுங்கள், கருவிகள் தாமாகவே போர்ட் திறக்க விடும் யுபிஎன்பியை ரூட்டரில் அணையுங்கள். வெளியிலிருந்து பார்க்க, உங்கள் நெட்வொர்க்குக்குப் பாதுகாப்பான தனி இணைப்புத் தரும் விபிஎன் சிறந்தது. அது கைவராதவர்கள் தயாரிப்பாளரின் செயலியை, வலுவான கடவுச்சொல்லோடும் இரட்டைச் சரிபார்ப்போடும் பயன்படுத்தலாம். பிஓஇ போர்ட் உள்ள என்விஆரில் கேமராக்கள் தனி நெட்வொர்க்கில் ஒதுங்கிவிடும். கடையின் பில்லிங் கணினியும் கேமராக்களும் ஒரே நெட்வொர்க்கில் கலக்காமல் இருக்க இது எளிய வழி.

பக்கத்து வீட்டு ஜன்னல் காட்சியில் விழுந்தால், அந்தப் பகுதியைக் கருவியின் தனியுரிமை மறைப்பால் கறுப்பாக்குங்கள். கழிவறை, உடை மாற்றும் இடம் பக்கம் கேமராவே கூடாது. ஒலிப்பதிவுக்குப் பல நாடுகளில் தனிச் சட்டம் உண்டு. தெரிந்துகொள்ளும் வரை மைக்கை அணைத்து வையுங்கள்.

வேறொருவர் பொருத்தித் தருகிறார் என்றால், கடைசித் தவணையைக் கொடுப்பதற்கு முன் இவற்றைக் கையில் வாங்குங்கள்: நிர்வாகிக் கடவுச்சொல் (அவர் பெயரில் அல்ல, உங்கள் மின்னஞ்சலில் பதிந்த கணக்கு), ஒவ்வொரு கேபிளும் எந்த வழியே போகிறது என்ற வரைபடம், இரு முனையிலும் எண் ஒட்டிய கேபிள்கள், ஐபி முகவரிப் பட்டியல். அவர் இருக்கும்போதே, நேற்று இரவு 2 மணிக்கு வாயிலில் என்ன பதிந்திருக்கிறது என்று நீங்களே தேடி எடுத்து, பென் டிரைவில் ஏற்றிப் பாருங்கள். மாதம் ஒருமுறை இதையே செய்யுங்கள். டிஸ்க் எழுதுவதை நிறுத்திய பிறகும் நேரலை வழக்கம்போல ஓடிக்கொண்டிருக்கும் என்பதால், திரையைப் பார்த்து மட்டும் அதைக் கண்டுபிடிக்க முடியாது.